அரை சைஸ் சின்ன ஷூ

மகளே,

வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற மாதிரி 'ஏட்டி' என்று எழுதத்தான் கை வருகிறது. ஹாஸ்டலில் நாலு பேர் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நீ முகத்தைத் தூக்குவாய் என்பதால் மகளே என்று தொடங்கியிருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரப்பா கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதுவும் போக, நான் சொல்ல வேண்டியதில் பாதியை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. இன்று செவ்வாய்க்கிழமை. ஸ்பீட் போஸ்டில் போட்டால் வியாழன், மிஞ்சிப்போனால் வெள்ளி மதுரைக்கு வந்துவிடும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே ஒரு பக்கம் மனசு அடித்துக்கொள்கிறது.

முந்தாநாள் நீ போனில் பேசியதைத்தான் சொல்கிறேன். எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில் இரண்டாவது தடவையும் தேறிவிட்டாய். உடற்தகுதித் தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, போட்டு ஓடுகிற ஷூ தேய்ந்துவிட்டது என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். "ரூம்ல ஒரு அக்கா அவ ஷூவ பாதி விலைக்குத் தாரேன்னு சொல்லுதாப்பா. நல்ல கம்பெனி. நாலு மாசந்தான் போட்டிருக்கா. ஞாயித்துக்கிழம துட்டு குடுத்து வாங்கிக்கிடுதேன். அரை சைஸ்தான் சின்னது, பழகிரும்." அப்புறம் நீ மழையைப் பற்றியும் மெஸ் சாம்பாரைப் பற்றியும் பேசினாய். நான் 'உம், உம்' என்று கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர எதுவும் மண்டையில் ஏறவில்லை. 'பழகிரும்' என்பது நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ஏற்கெனவே ஒரு தடவை விரிசல் கண்ட கால் உனக்கு. வயது வரம்பும் இந்தத் தடவையோடு முடிகிறது. இந்த நேரத்தில் உன் வாயில் என் வார்த்தை வருகிறது.

அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் போலீஸ் பயிற்சிக்குச் சேர்ந்தபோது ஸ்டோரில் எட்டாம் நம்பர் பூட்ஸ்தான் மிச்சம் இருந்தது. இறுக்குகிறது ஐயா என்றதற்கு, பயிற்சி கொடுத்தவர் "காலுக்கு பூட்ஸ் பழகாதுலே, பூட்ஸுக்குத்தான் கால் பழகணும்" என்று ஒரு அதட்டல் போட்டார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வேலையில் இருந்த காலம் முழுக்க எட்டாம் நம்பரிலேயே ஓட்டிவிட்டேன். குற்றால சீசனில் பந்தோபஸ்து போட்டால் காலையில் மெயினருவிப் பக்கம் போய் நின்றவன் சாயங்காலம்தான் திரும்ப முடியும். நாள் முழுக்கச் சாரல். பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று கிடக்கும். வீட்டுக்கு வந்து கழற்றினால் விரல்கள் ஊறி வெளுத்திருக்கும், இரண்டு சுண்டுவிரல் நகமும் கறுத்திருக்கும். உன் அம்மா பதறுவாள். நான் அதைப் பெருமையாகக் காட்டுவேன். வலியைப் பொறுத்துக்கொள்வது ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் தடவை நீ எழுத்துத் தேர்வில் தேறியபோது, "அப்பா, ஓடுறதுக்கு ஒரு நல்ல ஷூ வேணும்" என்று கேட்டாய். அதுதான் எனக்குக் கடைசி சீசன் டியூட்டி. ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழக்கடைகளைத் தாண்டி ஒருத்தர் தார்ப்பாய் கட்டி, செருப்பும் ஷூவுமாகக் குவித்து வைத்திருப்பார். எல்லாம் பெரிய கம்பெனி சரக்கு மாதிரியே இருக்கும், ஆனால் அசல் இல்லை. நான் ஒரு ஷூவை எடுத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "யாருக்கு ஏட்டையா?" என்றார். மகளுக்கு, ஓட்டப் பயிற்சிக்கு என்றேன். "அப்பம் எடுத்துட்டுப் போங்க. புள்ளைக்குக் குடுக்கதுக்கு உங்ககிட்ட துட்டா வாங்குவேன்?" என்று கவரில் போட்டு நீட்டிவிட்டார். பைக்குள் கையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. சீசனில் பலாச்சுளை, சிப்ஸ், துண்டு என்று அப்படியே வாங்கிப் பழகின கை. அந்த ஷூ ஆறாம் நம்பர். உனக்கு ஏழு என்று எனக்குத் தெரியும். ஏழு இருக்கிறதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. சும்மா வாங்குகிறவன் எந்த முகத்தோடு சைஸ் கேட்பது? பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உன்னிடம் சொன்னது வேறு. தென்காசியில் பெரிய கடையில் வாங்கினேன், இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் என்றேன். சும்மா வந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மகளுக்காகச் செலவு செய்கிற அப்பா என்று பேர் வாங்கவும் ஆசையாக இருந்தது. நீ காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் புடிக்குப்பா. பில் இருக்கா, மாத்திரலாமா?" என்று கேட்டாய். பில்லைத் தொலைத்துவிட்டேன் என்றேன். நீ இன்னொரு தடவை கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாய். "ஷூவுக்குத்தான்ட்டீ கால் பழகணும். ரெண்டு நாளு ஓடு, பழகிரும்" என்றேன். நீயும் சரி என்றுவிட்டாய்.

சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் காலையில் நீ ஓடும்போது நான் பின்னாலேயே பைக்கில் வருவேன். சூரியகாந்தி பூத்திருந்த சமயம். போட்டோ எடுக்க வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு உன்னை வேடிக்கை பார்ப்பார்கள், எனக்கு ஒரே பெருமை. தார் ரோட்டில் வேண்டாம், வயல் ஓரத்து மண் பாதையில் ஓடு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது போதாதென்று, கால் உறுதிப்பட வேண்டும் என்று பண்பொழி திருமலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலிக்கிறது என்றாய். தைலம் வாங்கித் தந்தேன். அதற்குப் பிறகு வலியைப் பற்றி நீ பேசவே இல்லை. நான் அது சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

தேர்வு நாள் உனக்கு நினைவிருக்கும், நான் விவரிக்கத் தேவையில்லை. நானூறு மீட்டரில் பாதிக்கு மேல் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். மறுநாள் தென்காசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பில் மயிரிழை அளவு விரிசல் என்றார். தொடர்ந்து ஒரே இடத்தில் அதிர்ச்சி விழுந்து விழுந்து வருவது என்று விளக்கினார். பிறகு உன் ஷூவைக் கையில் எடுத்து நடுவில் ஒரு மடக்கு மடக்கினார். அது பாதியாக மடங்கியது. "இத யாரும்மா வாங்கினது?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் டாக்டர், விவரம் தெரியாம வாங்கிட்டேன்" என்றாய். நான் சும்மா நின்றேன். நிறைய பேருடைய வாக்குமூலத்தை எழுதிய ஆள் நான். நான் சொல்ல வேண்டிய ஒரு வரியை அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அப்பா அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றுதானே வலியை மறைத்தாய்? நான் சொன்ன அந்தப் பொய் விலைதான் உன் எலும்பில் விழுந்தது என்று நினைக்காத நாள் இல்லை.

அதனால் நீ போனை வைத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று சாயங்காலம் தென்காசியில் உள்ள அந்தப் பெரிய கடைக்கே போனேன். நான் பேரை மட்டும் பயன்படுத்தி, வாசலை மிதிக்காத கடை. ஓடுகிற ஷூ பகுதியில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தர் இருந்தார், நல்ல வாய்த்துடுக்கு. மகளுக்கு ஷூ வேண்டும் என்றேன். "மகளக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி, ஷூவ போடப்போறது அவதான?" என்றார். மதுரையில் இருக்கிறாள், நான் விவரம் தெரிந்துகொள்ள வந்தேன் என்றதும் என்னை உட்காரவைத்துவிட்டார். "உங்க சைஸ் என்ன?" எட்டு என்றேன். ஒரு பலகையில் காலை வைக்கச் சொல்லி அளந்தார். "ஒம்பது. அதுவும் முன்னால நல்ல அகலம். இத்தன நாளும் எட்டையா போட்டிய? எப்பிடி நடந்திய?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி அட்டைப்பெட்டியைத் திறந்தார்.

அவர் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். அதைத்தான் உனக்குத் தருகிறேன், இதில் என் சொந்தச் சரக்கு கொஞ்சம்தான். கடைக்குக் காலையில் போகாதே. பயிற்சி முடிந்து, நடந்து திரிந்து, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற சாயங்காலத்தில் போ. ஓடும்போது போடுகிற சாக்ஸையே எடுத்துக்கொண்டு போ. இரண்டு காலையும் அளக்கச் சொல், பெரும்பாலும் ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்குமாம், அதற்குத்தான் வாங்க வேண்டும். நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் எழும்பக்கூடாது, முன்விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். உனக்கும் என்னைப்போல முன்பாதம் அகலம். ஐந்தருவியில் குளித்துவிட்டு நீ படியில் ஏறினால் கல்லில் முழுப் பாதமும் பதிந்திருக்கும். தட்டைப் பாதமோ, தனி ஷூ வேண்டுமோ என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தண்ணீர்த் தடத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், போட்டு ஓடும்போது எது இதமாக இருக்கிறதோ அதுதான் அவளுக்கான ஷூ என்றார். பெண்கள் ஷூ இறுக்கினால் ஆண்கள் பகுதியில் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லையாம், அது கொஞ்சம் அகலமாக வருமாம். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

விலையைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, நான் சொன்ன விலைக்கு என்ன மதிப்பு என்று இப்போது உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். இரண்டாயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரத்து ஐநூறுக்குள் உன் ஓட்டத்துக்குப் போதுமான நல்ல ஷூ கிடைக்கிறது. போன வருஷ மாடல் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேள், கலர்தான் பழசாக இருக்கும், விலை குறையும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று கண்ணாடிக்குள் வைத்திருப்பதைப் பார்த்து ஏங்க வேண்டாம், அதெல்லாம் பந்தயத்திலேயே வாழ்கிறவர்களுக்கு. அதே மாதிரி, அசல் போலவே இருக்கும் என்று பாதிக்கும் பாதி விலையில் போனில் காட்டுகிற எதையும் தொடாதே. நடக்கிற ஷூ வேறு, ஸ்டைலுக்குப் போடுகிற ஷூ வேறு, ஓடுகிற ஷூ என்றே கேட்டு வாங்கு. கையில் எடுத்து மடக்கிப் பார்: விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பார், லேசில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடு. நான் ஓடினேன். ரிட்டயர் ஆன மனுஷன் ஷூ ராக்குகளுக்கு நடுவில் ஓடுவதை மூன்று குடும்பம் நின்று பார்த்தது. ஒன்பதாம் நம்பரில் ஓடியபோது விரல் எதிலும் இடிக்கவில்லை. அந்தச் சுகத்தை நான் இத்தனை வருஷம் கேட்கவே இல்லையே என்று இருந்தது.

உன் ரூம் அக்கா தருகிற ஷூவைப் பற்றியும் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். சைஸ் சரியாகவே இருந்தாலும் வேண்டாம் என்றார். நாலு மாதத்தில் உள்ளே இருக்கிற மெத்தை அவளுடைய பாரத்துக்கும் அவள் கால் வைக்கிற விதத்துக்கும் அமுங்கியிருக்கும். உன் கால் அதில் அவளுடைய நடையை நடக்கும். அந்த அக்கா நல்ல மனதோடுதான் தருகிறாள், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த வாரமே வாங்கினால்தான் தேர்வுக்கு முன்னால் அந்த ஷூவோடு ஆறு வாரமாவது ஓட முடியும். தேர்வன்று புது ஷூவைப் பிரித்துப் போடுகிற பைத்தியக்காரத்தனம் வேண்டாம். என்ன போட்டு ஓடலாம், எது கூடாது என்று ஹால் டிக்கெட்டில் போட்டிருப்பார்கள், ஒன்றுக்கு இரண்டு தடவை படி. நனைந்தால் வெயிலில் காயப்போடாதே. உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வை. இது மட்டும் நான் குற்றாலச் சாரலில் கற்றுக்கொண்டது. மண் தரையில் ஓடு. எலும்பில் ஒரு விரலை வைத்து அழுத்தும்போது ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. தைலம் தேய்க்காதே. ஒரு வாரம் பயிற்சி போகிறதே என்று நினைப்பாய். போகட்டும். வேலையே கிடைக்காவிட்டாலும் போகட்டும். இந்த வேலை உனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

இதுவரை இன்று காலையில் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கும் அந்த ஷூ கதை தெரியாதே, என்னைத் திட்டித் தீர்க்கப்போகிறாள் என்று பயந்துகொண்டேதான் படித்தேன். கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு, "அவளுக்குத் தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்றேன். "நீங்க ஷூ கொண்டாந்த மறுநாளே சைஸ் மாத்திட்டு வாரேன்னு அந்தக் கடைக்குத் தூக்கிட்டுப் போனா. இது எங்க சரக்கே இல்லம்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து ஏங்கிட்ட சொன்னா. வேற ஷூ நான் வாங்கித் தாரேன்டீன்னேன். வேற போட்டா அப்பா கேப்பாவ, நாம என்ன சொல்லுவோம், அவிய முகம் சுருங்கிரும்மா, வேண்டாம்னுட்டா." பிறகு அவளே சொன்னாள்: "நீங்களா ஒரு நாள் சொல்லுவியன்னு ரெண்டு பேரும் ரெண்டு வருசமா பாத்துட்டு இருந்தோம்."

மகளே, மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. நான் எவ்வளவு விவரம் கெட்டவனாக இருந்திருக்கிறேன் என்பதும் உன் கையில் இருக்கட்டும். விலைக்காகப் பொறுத்தாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். என் முகத்துக்காகப் பொறுத்திருக்கிறாய். உன் எலும்பில் விரிசல் விழுகிற அளவுக்கு என் முகம் அவ்வளவு பெரிய முகமா? என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு. இப்போது அந்த அக்காவுடைய ஷூவுக்கும் நீ தலையாட்டியிருப்பது யாருடைய முகம் வாடிவிடக்கூடாது என்பதற்காகவோ என்று பயமாக இருக்கிறது. ரிட்டயர் ஆன அப்பாவிடம் காசு கேட்கக்கூடாது என்றா? அப்படியானால் அதுவும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மதுரைக்கு வருகிறேன். ஹாஸ்டல் வாசலில் காத்திருக்கிறேன், பயிற்சியை முடித்துவிட்டுச் சாவகாசமாக வா. சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்குப் போவோம். நான் எதையும் எடுத்து நீட்ட மாட்டேன், ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நீ ஒவ்வொன்றாகப் போட்டு ஓடிப் பார். எது பிடிக்கிறது, எது இடிக்கிறது, எது வலிக்கிறது என்று உரக்கச் சொல். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொல்.

அப்பா